கொழுந்தின் வருவாயும் கொழுந்து பறித்தவரின் பிள்ளையும்

இலங்கையில் மூன்றே ஆண்டு இடைவெளியில் இரண்டு முடிவுகள் எடுக்கப்பட்டன. 1945 ஒக்டோபர் முதலாம் திகதி முதல், பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசம் என்றாயிற்று. 1948இல், சுதந்திரம் கிடைத்த அதே ஆண்டில், பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. மலையகப் பெருந்தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்துவந்த ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர் அதனால் நாடற்றோர் ஆயினர். முதலாவதைக் கொண்டாடுவோர் இரண்டாவதை நினைப்பதில்லை; இரண்டாவதை எண்ணி நோவோர் முதலாவதைத் தமக்குரியதாகக் கொள்வதுமில்லை. இரண்டையும் ஒருசேர வைத்துப் பார்த்தாலன்றி அந்நாட்டின் எண்பதாண்டுப் பொருளாதார வரலாறு விளங்காது என்பது நம் கருத்து.

இலவசக் கல்வி வானத்திலிருந்து விழுந்த வரமன்று. 1931இல் டொனமூர் அரசியலமைப்பு வந்தபோது, ஆசியாவில் வேறெங்கும் காணாத வகையில் வயதுவந்த ஆண் பெண் அனைவர்க்கும் வாக்குரிமை கிடைத்தது. மூன்றாண்டுகள் கழித்து மூண்ட மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ எண்பதாயிரம் உயிர்களைக் காவுகொண்டது. சாவு விழுந்த கிராமங்களின் கையில் அப்போது வாக்கு இருந்தது. ஆதலால் மருத்துவமனையும் கஞ்சித்தொட்டியும் அரசின் கடமையாயின. 1931 முதல் 1947 வரை கல்வி அமைச்சராயிருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா, தாமே உபகாரப் பணத்தில் படித்து முன்னேறியவர். நகரத்துச் செல்வர்களின் எதிர்ப்புக்கிடையே நாட்டுப்புறங்களில் மத்திய பாடசாலைகளை நிறுவியவரும் அவரே. வாக்கு முன்னே வந்தது. பள்ளி பின்னே வந்தது. இந்த வரிசையை வாசகர் மனத்தில் இருத்த வேண்டுகிறோம்.

இலவசக் கல்வி முடிவின் பலனை, அம்முடிவை எடுத்தவர் கண்டு முடிக்கவில்லை. 1946இல் நாற்பதைச் சற்றே தாண்டியிருந்த சராசரி ஆயுட்காலம் இன்று எழுபதைக் கடந்து நிற்கிறது. மருந்தும் மருத்துவிச்சியும் மட்டுமே இதற்குக் காரணமல்ல. எழுதப் படிக்கத் தெரிந்த தாய்மாரும் காரணம். 1978இல் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் திறந்தபோது ஆடைத் தொழிற்சாலைகள் நாடி வந்தன. கூலி குறைவு என்பதற்காக மட்டும் வந்திருந்தால் அவை வேறு பல நாடுகளுக்குப் போயிருக்கலாம். அளவுச்சீட்டைப் படித்து, கணக்கைக் குறித்து, புதிய இயந்திரத்தைச் சில நாள்களில் பழகிக்கொள்ளும் இளம்பெண்கள் கிராமந்தோறும் இருந்தனர். 1980களின் பிற்பகுதியில் ஆடை ஏற்றுமதி தேயிலையை விஞ்சியது. 1945இல் இட்ட முதல், முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து ஏற்றுமதிக் கணக்கில் ஏறிற்று. எந்த நிதியமைச்சரின் ஐந்தாண்டுக் கணக்கிலும் அடங்காத வரவு அது.

இனி, அந்த முதலுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? சுதந்திர காலத்தில் இலங்கையின் ஏற்றுமதி வருவாயில் பத்தில் ஒன்பது பங்கு தேயிலை, இறப்பர், தெங்கு ஆகிய மூன்றிலிருந்தே கிடைத்தது. அவற்றுள் தலையாயது தேயிலை. திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணிமார் அழைத்துச்சென்ற குடும்பங்களின் வழித்தோன்றல்களே அக்கொழுந்தைப் பறித்தவர்கள். விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, கூடையைத் தலைக்கயிற்றில் மாட்டி மலையேறி, அந்தியில் பத்தடிக்குப் பன்னிரண்டடி லயன் அறைக்குத் திரும்பிய பெண்ணின் உழைப்பு, காலியிலும் கண்டியிலும் யாழ்ப்பாணத்திலும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமாயிற்று. அவள் பிள்ளைக்கோ தோட்ட நிர்வாகம் நடத்திய ஓராசிரியர்க் கொட்டகையே வாய்த்தது. அங்கே நான்கைந்து வகுப்புக்கு மேல் பாடமில்லை. அதற்குமேல் படித்த பிள்ளை கொழுந்துக்கூடையைத் தேடி வராதென்பது தோட்டத்துரைமாருக்குத் தெரியும். அப்பள்ளிகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான்.

இது கவனக்குறைவால் நேர்ந்ததாக நாம் கருதவில்லை. 1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. வேறு பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் வாக்கு இடதுசாரிகளுக்குக் கைகொடுத்தது. மறு ஆண்டே குடியுரிமை பறிபோயிற்று. 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. வாக்கில்லாதவனுடைய பள்ளிக்காக வாதாடப் பாராளுமன்றத்தில் எவருக்கு என்ன தேவை? குடியுரிமைப் பறிப்பை எதிர்த்துத் தமிழ்க் காங்கிரசை விட்டு வெளியேறிய செல்வநாயகத்தைத் தவிர்த்தால், வடக்கு கிழக்குத் தமிழ்த் தலைமையும் அன்று பெருமைப்படத்தக்க முறையில் நடந்துகொள்ளவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. உணவுப் பங்கீடு சுருங்கிய 1973–74இல், நாட்டுக்கே அந்நியச் செலாவணி ஈட்டித் தந்த அந்த லயன்களில் பட்டினிச் சாவு நேர்ந்தது. எஞ்சியிருந்த நாடற்றோரின் குடியுரிமைக்கு வழிவகுக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள்!

இதன் விலையை மலையகம் மட்டும் செலுத்தியதாக எண்ணுவது பிழை. மலிவான, வேறு போக்கிடமற்ற கைகள் இருக்கும்வரை தோட்ட முதலாளிக்குப் புதிய செடி நடவும் தரம் உயர்த்தவும் அவசரம் இராது. இன்றும் இலங்கையில் வறுமை மிக ஆழமாய் வேரோடியிருப்பது தோட்டத்துறையில். ஒரு பக்கம் கல்வியால் உயர்ந்த நாடு, மறுபக்கம் தன் முதன்மை ஏற்றுமதித் தொழிலைக் கல்லாமையின்மீது நிறுத்தி வைத்திருந்தது.

‘மக்கள் நலனுக்கு வாரி இறைத்தே இலங்கை கெட்டது’ என்று வாதிடுவோர் உளர். பொருளியலறிஞர் அமர்த்தியா சென் இந்நாட்டை நல்ல முன்மாதிரியாகக் காட்டிய நாள் முதலே அவரை மறுத்தவர்களும் உண்டு. வாதத்தில் ஒரு பாதி உண்மை. 1953இல் நிதியமைச்சர் ஜே. ஆர். ஜெயவர்தன, கொத்து அரிசியை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது ஹர்த்தால் வெடித்து, பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். மானியத்தில் கைவைத்தால் நாற்காலி போகும் என்பது அன்று அரசியல்வாதிகள் கற்ற பாடம். ஆனால் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் செய்த செலவு நாட்டை மூழ்கடிக்கவில்லை. அச்செலவுக்கு ஈடாக வசதி படைத்தோரிடம் வரி வாங்க எவரும் துணியாமையே மூழ்கடித்தது. 1990 அளவில் தேசிய உற்பத்தியில் ஐந்திலொரு பங்காக இருந்த அரச வருவாய், 2019க்குள் எட்டிலொரு பங்களவுக்குத் தேய்ந்துவிட்டது. இடைவெளியைக் கடன் நிரப்பியது. 2007 முதல் சர்வதேசச் சந்தையில் டொலர் கடன் முறிகளும் சேர்ந்துகொண்டன.

அந்நிலையில்தான் 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரி 15 விழுக்காட்டிலிருந்து 8 ஆகக் குறைக்கப்பட்டது. ஆண்டுக்கு 30 கோடி ரூபாய்க்குக் குறைவாக வணிகம் செய்வோர் அவ்வரிக்குப் பதியவே வேண்டாமென்றும் விடப்பட்டனர். தேர்தலில் வாக்குறுதி அளித்தபடி செய்தோம் என்றார்கள் ஆட்சியாளர்கள். பெருந்தொற்று வந்தது, சுற்றுலா நின்றது, கடன் தருவாரில்லை. 2021இன் முற்பகுதியில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே வீச்சில் தடைசெய்யப்பட்டது. விளைச்சல் சரிந்தபின் நவம்பரில் தடை நீக்கப்பட்டது. 2021இல் 30 கோடி கிலோ அளவிலிருந்த தேயிலை, 2022இல் 25 கோடிக்கு இறங்கிற்று. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அரசு அறிவித்தது. செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் எழுபது விழுக்காட்டைத் தொட்டது. அதற்கு முன்பே, ஜூலையில், ஜனாதிபதி நாட்டைவிட்டு ஓடினார். இந்நெருக்கடியில், ஆட்சியிலிருந்த ராஜபக்ச சகோதரரும் உயரதிகாரிகளும் மக்கள் நம்பிக்கையை மீறினர் என்று 2023 நவம்பரில் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் தீர்ப்பு சோறாவதில்லை.

வரிச்சலுகையின் பயன் எவருக்குப் போயிற்று, அதன் சுமை எவர்மீது விழுந்தது என்பதை ஒரு தோட்டத்தில் நின்று பார்க்கலாம். நீண்ட போராட்டத்தின்பின் 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாயாயிற்று. சில மாதங்களில் பசளை நின்றது, செடி துளிர்க்கவில்லை. குறித்த நிறைக்குக் கொழுந்து இல்லையேல் அன்றைக்கு அரைப் பேர்தான் பதிவாகும், பாதிச் சம்பளமே கைக்கு வரும். அடுத்த ஆண்டு, ஏறிய மா விலை மீதியையும் விழுங்கிற்று. கொழும்பில் எடுத்த முடிவு கூடையின் எடையாக மாறி, பிள்ளையின் கொப்பிக்கும் பேருந்துக் கட்டணத்துக்கும் காசில்லை என்பதில் வந்து முடிந்தது. பள்ளியை விட்டு நின்ற பிள்ளையின் கணக்கு 2022இன் எந்த அட்டவணையிலும் வராது. அது 2040இல் வரும்.

இப்போது சர்வதேச நாணய நிதியத்தின் உடன்படிக்கையின்படி அரச வருவாய் ஏறத் தொடங்கியுள்ளது. வரவேற்கவேண்டிய திருப்பமே. ஆனால் 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி 18 விழுக்காடு. முன்னர் விலக்குப் பெற்றிருந்த பொருள்கள் பலவற்றையும் அது தொட்டுவிட்டது. செல்வத்தின் மீதும் உயர்ந்த வருமானத்தின் மீதும் கைவைப்பதைக் காட்டிலும், கடையில் நிற்பவன் பையில் கைவைப்பது எந்த அரசுக்கும் எளிது. அவ்வாறு திரண்ட பணத்தில் முதற்பங்கு கடன்காரர்க்கென்று ஒதுக்கப்படுமானால், கல்விக்கும் சுகாதாரத்துக்குமான ஒதுக்கீடே முதலில் சுருங்கும். எதிர்த்துக் கூச்சலிடும் வலிமை அவற்றுக்கு இல்லை.

மலையகத்தார்க்கு இன்று வாக்கு உண்டு, பாராளுமன்றத்தில் உறுப்பினர் உண்டு, அமைச்சர் பதவிகளும் வந்து போயின. 1945இல் மற்றவர்க்குக் கிடைத்தது அவர்க்கு இன்னும் முழுமையாகச் சென்று சேரவில்லை. தோட்டத்தில் பிறந்த பிள்ளை உயர்தரத்தில் விஞ்ஞானமும் கணிதமும் படிக்க எத்தனை மைல் போகவேண்டியிருக்கிறது, அங்கே அப்பாடங்களுக்குத் தமிழ்மொழி ஆசிரியர் உளரா, லயன் குடும்பத்துக்கு வீட்டுக்காணியின் உறுதி எப்போது கைக்கு வரும்: அடுத்த வரவு செலவுத் திட்ட விவாதத்தில் மலையக உறுப்பினர்கள் சம்பள உயர்வோடு நின்றுவிடாமல் இவற்றுக்குத் தொகையும் தவணையும் கேட்டுப் பெறவேண்டும், நிதியமைச்சர் அவற்றை அவையிலேயே அறிவிக்கவேண்டும்.