உப்புக் குகையில் எடுக்கக்கூடிய சரக்கு எவ்வளவு?

களஞ்சியம் வைத்திருப்பவருக்குத் தெரியும், கட்டடத்தின் கொள்ளளவு வேறு, விற்பதற்கு எடுக்கக்கூடிய சரக்கு வேறு. ஐதரசன் வாயு பற்றிய விளம்பரங்களில் முதலாவது கணக்கே பெரிய எழுத்தில் வருகிறது.

வெயிலும் காற்றும் மிதமிஞ்சிய காலத்து மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஐதரசனை எடுத்து, தட்டுப்பாட்டுக் காலத்துக்கு வைத்திருப்பதுதான் திட்டம். அத்தனைக்கும் இரும்புத் தொட்டி கட்டினால் கட்டுப்படியாகாது. எனவே நிலத்தடி உப்புப் பாறையைத் தண்ணீர் பாய்ச்சிக் கரைத்துக் குகையாக்குகிறார்கள். (எமக்கு உப்பென்றால் புத்தளத்து உப்பளம்தான்!) இங்கிலாந்தின் டீசைட்டில் 1972 முதலும், அமெரிக்காவின் டெக்சாஸில் 1983 முதலும் இது நடக்கிறது. யூட்டா மாநிலத்தில் தலா 45 இலட்சம் பீப்பாய் கொள்ளும் இரு குகைகளைக் கொண்ட திட்டத்துக்கு, 2022இல் அமெரிக்க அரசு 504.4 மில்லியன் டொலர் கடனுத்தரவாதம் வழங்கியது.

உப்பு கருங்கல் அல்ல. ஆழத்தின் அழுத்தத்தில் மெல்ல மெல்ல நகரும். வாயுவை அளவுக்கு மிஞ்சி எடுத்தால் சுவர் உள்ளே நெருங்கிக் குகை சுருங்கும். வேகமாக எடுத்தால் வாயு குளிர்ந்து சுவர் வெடிக்கக்கூடும். ஆகவே ஒரு பங்கு வாயு எப்போதும் உள்ளேயே கிடக்க வேண்டும். கடைக்குக் கொடுத்த முற்பணம் மாதிரி, கடையை விடும்வரை கைக்கு வராது. (டீசைட்டில் எடுத்த வாயுவின் இடத்தை உப்புநீரால் நிரப்புகிறார்கள், அது வேறு கணக்கு.)

அந்தப் பங்கு எவ்வளவு? குகைக்குள் இறங்கிப் பார்க்க ஆளில்லை. கணினி மாதிரிதான் சொல்ல வேண்டும். முப்பது வருட நிரப்பலையும் எடுப்பையும் அது சில மணி நேரத்தில் ஓட்டிக் காட்டும். ஆனால் கொடுத்ததைத்தான் திருப்பித் தரும். உப்பின் நடுவே களிமண் படலம் இருக்கலாம். ஐதரசனைத் தின்று நாற்ற வாயுவை விடும் நுண்ணுயிர்களும் இருக்கலாம். பருவத்துக்கொரு முறை திறந்து மூடிய இயற்கை எரிவாயுக் குகைகளின் அனுபவத்தை, காற்றாலையின் போக்குக்கேற்ப அடிக்கடி திறக்கும் குகைக்கு அப்படியே பொருத்துவதும் சரியல்ல.

எனவே ஒரே ஓர் இலக்கத்தைக் காட்டும் மாதிரியை நான் நம்பமாட்டேன். கூடினால் இவ்வளவு, குறைந்தால் இவ்வளவு என்று இரண்டையும் காட்டச் சொல்வேன். கடன் கொடுப்பவர் குறைந்த இலக்கத்தை வைத்தே வட்டியும் தவணையும் போட வேண்டும். உள்ளே முடங்கும் வாயுவின் விலையை, குகை வெட்டும் செலவோடு முதலிலேயே முதலாகப் பதிய வேண்டும்.