ஈரலையும் காப்பாற்றுங்கள்!

திருத்தணி மலைக்கு 365 படிகள். ஏறி முடித்தால் முருகன் தரிசனம் கிடைத்துவிடும்.

சிறுநீரகம் பழுதானவர் டயாலிசிசுக்காக ஆஸ்பத்திரிப் படி ஏறுவதற்கு முடிவே இல்லை. வாரம் 2 அல்லது 3 முறை. ஆண்டுக்கு 100 முறைக்கு மேல்! கே.ஜி.கண்டிகை ஆனாலும் சென்னை ஆனாலும் இதே கணக்குதான்.

ஒவ்வொரு முறையும் ரத்தம் வெளியே வந்து, சுத்தமாகி, உடலுக்குத் திரும்புகிறது. அப்போது அசட்டையாக இருந்தால், ஒருவர் ரத்தத்தில் உள்ள "ஹெப்படைட்டிஸ் சி" கிருமி இன்னொருவருக்குத் தொற்றிவிடும். கண்ணுக்குத் தெரியாத துளி ரத்தமே போதும்!

இந்தக் கிருமி கல்லீரலைக் கெடுக்கும். வலி இராது. பல ஆண்டுகள் ஓசைப்படாமல் இருந்து ஈரலைச் சுருக்கிவிடும். புற்றுநோயும் வரலாம். டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு வழக்கமான ஈரல் சோதனையில் இது தெரியாமலே போகலாம். தனி ரத்தச் சோதனை வேண்டும். டயாலிசிஸ் தொடங்கும்போது ஒரு முறை. பிறகு 6 மாதத்துக்கு ஒரு முறை.

இதற்குத் தடுப்பூசி இல்லை. ஆனால் மருந்து உண்டு! பெரும்பாலோருக்கு 12 வாரம் மாத்திரை சாப்பிட்டால் போதும். 100 பேரில் சுமார் 95 பேர் குணமாகிறார்கள். டாக்டர் சொற்படி டயாலிசிஸ் நோயாளிகளும் சாப்பிடலாம். 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அரசு இதை இலவசமாகவே தருகிறது.

ஆகவே, ஆஸ்பத்திரியில் இருப்பவர்கள் ஒவ்வொரு நோயாளிக்கும் கையுறையை மாற்றவேண்டும். படுக்கையையும் எந்திரத்தையும் மருந்திட்டுத் துடைக்கவேண்டும்.

குடும்பத்தாரே! "சோதனை செய்தாயிற்றா?" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. நோய் கண்டவரை ஒதுக்காதீர்கள். கூட உட்கார்ந்து சாப்பிட்டால் இது பரவாது.

சிறுநீரகத்துக்காகப் படி ஏறியவர், ஈரலைப் பறிகொடுத்து இறங்கக்கூடாது!