கொடிக்காலில் அடித்தண்டு அழுகல்

கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஐயம்பேட்டை, இராஜகிரி, பண்டாரவாடை பக்கத்துக் கொடிக்கால்காரர்களுக்கு அது பெருமை. அவர்களுக்கு நோய் பார்த்துச் சொல்லும் நமக்கு அது கூடுதல் பொறுப்பு. ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டதும் நம்மிடம் வரும் முதல் கேள்வி எது என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும்: “கொடி வாடுதுங்க, என்ன அடிக்கலாம்?” கேட்பவர் கையில் துவண்ட இலைகள் நாலைந்து இருக்கும். அவற்றைப் பார்த்த மாத்திரத்தில் மருந்துப் பெயரை எழுதிக் கொடுக்கும் பழக்கம் நம்மிடையே ஊறிவிட்டது. இந்தப் பருவத்திலாவது அதை நிறுத்த வேண்டும்.

துவண்ட இலையை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. அடித்தண்டு அழுகினாலும், நூற்புழு தாக்கி வேர் முடிச்சிட்டாலும், பாத்தியில் நீர் கட்டி வேருக்குக் காற்றில்லாமல் போனாலும் இலை ஒரே மாதிரிதான் தொங்கும். கொடிக்காலுக்குள் குனிந்துதான் பார்க்க வேண்டும். மண்ணை விரலால் விலக்கி, புதைந்திருக்கும் கணுக்களை வெளியே எடுத்து, பேனாக்கத்தியால் நீளவாக்கில் கீறுங்கள். தண்டு கறுத்து, ஈரமாய்க் குழைந்து, தோல் கையோடு உரிந்து, உள்ளே நார் மட்டும் மிஞ்சி, மீன் கவிச்சி போன்ற வாடை அடித்தால் அது பைட்டோப்தோரா. தண்டின் கழுத்தில் வெண்ணிற இழைகள் அப்பி, அவற்றினூடே முதலில் வெள்ளையாகவும் பிறகு பழுப்பாகவும் கடுகளவு உருண்டைகள் தெரிந்தால் ஸ்கிளிரோஷியம் ரோல்ஃப்சி. அடி நன்றாக இருந்து, தரைக்கு மேலே கொடியில் கரும்புண் வளையமிட்டு, அதற்கு மேற்பட்ட பகுதி மட்டும் காய்ந்திருந்தால் பெரும்பாலும் கொலட்டோட்ரைக்கம்.

பிரித்துப் பார்ப்பது ஏன் இவ்வளவு முக்கியம்? உரக்கடையில் முதலில் எடுத்துத் தரப்படும் கார்பென்டசிம் இந்த மூன்றில் கடைசியாகச் சொன்னதற்குத்தான் உதவும். பைட்டோப்தோரா உண்மையான பூஞ்சையே அல்ல. பழுப்புப் பாசிகளுக்கு உறவான நீர்ப்பூசண இனம். அதன் செல்லில் கார்பென்டசிம் பற்றி நின்று வேலை செய்வதில்லை. ஸ்கிளிரோஷியம் பூஞ்சைதான், ஆனால் காளான் வகுப்பைச் சேர்ந்தது. அதன் மீதும் இந்த மருந்துக்குப் போதிய வலு கிடையாது. இருந்தும் “அடித்தேன், நின்றுவிட்டது” என்று விவசாயிகள் சொல்வது பொய்யல்ல. மழை விட்டு மண் காய்ந்ததும் பைட்டோப்தோராவின் நீந்தும் வித்துகள் அடங்கிவிடுகின்றன. மார்கழிக் கடைசியில் அடித்த மருந்துக்குத் தை மாத வெயில் பெயர் வாங்கிக் கொடுக்கிறது.

ஜே.எஃப். தஸ்தூர் பீகாரின் பூசாவில் ஆமணக்கு நாற்றில் பைட்டோப்தோரா பாராசிட்டிகாவைக் கண்டு 1913-இல் விவரித்தார். மத்திய மாகாணத்து வெற்றிலைக் கொடி நோய்களைப் பற்றிய அவரது அறிக்கை 1935-இல் வந்தது. நோய்க்காரணி தெரிந்து இத்தனை காலம் ஆன பிறகும் நாம் இலையைப் பார்த்தே மருந்து எழுதுகிறோம் என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

இந்த நோய்க்கு உகந்த மருந்து இன்னும் பழையது. பிரான்சின் போர்டோ வட்டாரத்தில் திராட்சையின் அடிச்சாம்பல் நோய்க்கு மில்லார்டே 1885-இல் அறிவித்த மயில்துத்தம்–சுண்ணாம்புக் கலவை அது. திராட்சையைத் தாக்கியதும் நீர்ப்பூசண இனமே. வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரைப்படி, அக்டோபர் முதல் ஜனவரி வரை மாதம் ஒருமுறை 0.25 சதவீதப் போர்டோ கலவையைக் கொடியைச் சுற்றிப் பாத்தி கட்டி ஊற்ற வேண்டும். 100 லிட்டர் தண்ணீருக்கு மயில்துத்தம் 250 கிராம், நல்ல சுட்ட சுண்ணாம்பு 250 கிராம். இரண்டையும் தனித்தனியே பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரத்தில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்க வேண்டும். தீட்டிய கத்தியை முக்கிப் பார்த்துச் செம்பு படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள். அன்றே கலக்கி அன்றே ஊற்ற வேண்டும்; நேற்றைய மிச்சம் பயன்படாது. சுண்ணாம்பு பழசாகிப் பொடிந்திருந்தால் கலவை கொடியின் வேரையே சுடும். ஆகவே சுண்ணாம்பைச் சோதிக்காமல் இந்தப் பரிந்துரையை எழுதித் தராதீர்கள். செம்பு மண்ணில் தங்கிச் சேரும் என்பதால் மாதக் கணக்கை மீறி ஊற்றவும் கூடாது.

ஊற்றுவதையே நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இலை. நெல்லை அவிக்கிறோம், குத்துகிறோம், வேகவைக்கிறோம். வெற்றிலையோ கொடியிலிருந்து கிள்ளிக் கவுளி கட்டிச் சந்தைக்குப் போய், துடைத்த கையோடு வாய்க்குப் போகிறது. தண்டுக்குள் ஊடுருவி இலைக்கு ஏறும் மருந்துகளை இங்கே கையாளவே கூடாது என்பது என் முடிவு. இலைமேல் தெளித்தே ஆக வேண்டிய நிலை வந்தால், பறிப்பு முடிந்த பிறகே தெளிக்கச் சொல்லுங்கள். விதைக்கொடி நேர்த்திக்கு ஸ்ட்ரெப்டோமைசின் கலந்த மருந்தைச் சேர்க்கும் பழைய வழக்கத்தையும் விட்டுவிடலாம். அது காசநோயாளிக்குத் தேவைப்படும் மருந்து.

ஸ்கிளிரோஷியத்துக்குப் போர்டோவை நம்ப வேண்டாம். அந்தக் கடுகு உருண்டைகள் மேல்மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். நோயுற்ற கொடியைச் சுற்றுமண்ணோடு பெயர்த்து அப்புறப்படுத்துவதும், தண்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் மக்காத சருகை விலக்குவதும், வேப்பம் பிண்ணாக்கோடு டிரைக்கோடெர்மா இடுவதும்தான் வழி. செம்பு ஊற்றிய கையோடு டிரைக்கோடெர்மா இட்டால் அதுவும் மடியும். இடைவெளி விடச் சொல்லுங்கள்.

ஐயம் இருந்தால் ஆய்வகம் வரை போகாமலே பார்த்துவிடலாம். அழுகிய தண்டுத் துண்டு ஒன்றை ஈரத்தாளோடு பாலித்தீன் பையில் மூடி வைத்தால், இரண்டு மூன்று நாளில் ஸ்கிளிரோஷியம் வெள்ளையாய்ப் பூத்துவிடும். இன்னொரு துண்டை அடிமண்ணோடு தண்ணீரில் போட்டு, மேலே நலமான வெற்றிலைத் துண்டுகளை மிதக்க விடுங்கள். நீந்தும் வித்துகள் வந்து ஒட்டினால் இலை ஓரங்களில் நீர்கோத்த கரும்புள்ளி விழும்.

நகரத்து மாடியிலும் கூடத்திலும் தொட்டியில் வெற்றிலையும் மணிபிளாண்டும் வளர்ப்பவர்கள் இப்போது நம்மிடம் நிறைய வருகிறார்கள். தொட்டி மண்மேல் பூத்த வெள்ளையைக் கண்டு பயப்படுகிறார்கள். அந்த இடத்துத் தண்டை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் அது மக்கை உண்ணும் பூசணம். தண்ணீரைக் குறைத்தால் போய்விடும். தண்டு அமுங்கினால் மேலே நல்ல கணுவில் வெட்டிப் புது மண்ணில் நடச் சொல்லுங்கள்; அடித்தட்டில் தேங்கும் நீரை அன்றன்றே கொட்டச் சொல்லுங்கள்.

கொடிக்காலுக்கு வருவோம். கொடியை இறக்கிப் புதைக்கும்போது தண்டு கீறுகிறது. அந்தக் காயம் வழியாகத்தான் அழுகல் நுழைகிறது. இந்த வேலையை மழைக்காலத்தில் வைத்துக்கொள்ள விடாதீர்கள். தழைச்சத்து எக்டேருக்கு ஆண்டுக்கு 150 கிலோ என்றால், அதில் பாதியை வேப்பம் பிண்ணாக்காகக் கொடுப்பதுதான் பரிந்துரை; முழுவதையும் யூரியாவாகக் கொட்டினால் தண்டு இளகி நோய்க்கு இடம் கொடுக்கும். குளிர் மாதங்களில் அடிக்கடி நீர் பாய்ச்சுவதும் வேண்டாம். டெல்டாவில் ஒருவர் கொடிக்கால் வடிகால் அடுத்தவர் கொடிக்காலுக்குப் பாசனமாகிறது. அழுகிய கொடியை வாய்க்காலில் வீசினால் நோய் கீழ்மடைக்குப் போய்விடும். ஆகவே புரட்டாசிக்குள் ஒரே வாய்க்காலைப் பகிரும் கொடிக்கால்காரர்களைக் கூட்டி, வடிகாலைச் சேர்ந்தே தூர் வாரவும், பிடுங்கிய கொடிகளை மேட்டில் குவித்து எரிக்கவும் ஏற்பாடு செய்யுங்கள்.