டிவிக்கு முன்பே வந்த ஜம்பு காகா

கர்நாடகத்தின் ஆனேக்கல்லுக்குப் புதிதாகக் குடிவரும் தமிழர்களில் பலர் ஊர்ப் பெயரை 'யானைக்கல்' என்றே எடுத்துக்கொள்கிறார்கள். பக்கத்திலேயே பன்னேருகட்டா காடு, அதில் யானைகள். சந்தேகம் ஏன் வரப்போகிறது? கன்னடத்தில் ஆனெகல்லு என்றால் ஆலங்கட்டி. 'சிரிப்பு விலங்குக் கார்ட்டூன் அமெரிக்கச் சரக்கு, நமக்கு அது டிவியோடு வந்தது' என்ற பேச்சும் இப்படிச் சந்தேகமே வராமல் நம்பப்படும் ரகம்தான்.

டிவிக் கதை முதலில். மிக்கி மவுஸ் ஒலியோடு வந்த 'ஸ்டீம்போட் வில்லி' 1928. ஆறே வருஷத்தில், 1934இல், புனேயின் பிரபாத் நிறுவனம் 'ஜம்பு காகா' என்ற குள்ளநரியைத் திரையில் ஓடவிட்டது. மறுவருஷம் 'லஃபங்கா லங்கூர்', பெயரிலேயே போக்கிரிக் குரங்கு. இந்தியாவில் அப்போது டிவி ஏது?

சரக்கு அவர்களுடையது என்பதில் பாதி உண்மை உண்டு. 1956இல் பம்பாய் ஃபிலிம்ஸ் டிவிஷனுக்கு வந்து பயிற்சி தந்த கிளேர் வீக்ஸ், டிஸ்னியில் 'பாம்பி' என்ற மான்குட்டிப் படத்துக்கு வரைந்தவர். அவர் மேற்பார்வையில் 1957இல் உருவான 'தி பேனியன் டியர்' மான்களிடம் அந்தச் சாயல் இருந்தால் வியப்பில்லை. ஆனால் கதை புத்த ஜாதகக் கதை. பேசும் நரியும் சிங்கமும் இங்கே யாருக்குப் புதுசு? பஞ்சதந்திரத்தைத் துர்கசிம்மன் கன்னடத்தில் எழுதியது 11ஆம் நூற்றாண்டிலேயே.

அந்தப் பயிற்சியில் தேறியவர் ராம் மோகன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தவர். 1989இல் ஏவி.எம்.மின் 'ராஜா சின்ன ரோஜா'வில் ரஜினியும் குழந்தைகளும் கார்ட்டூன் விலங்குகளோடு ஆடும் பாட்டு அவர் கைவண்ணம். படப்பிடிப்பில் விலங்கே கிடையாது. இல்லாத ஒன்றைப் பார்த்து நடிகர்கள் சிரிக்க வேண்டும். பிறகு அந்தப் பார்வை விழுந்த இடத்தில், சட்டகம் சட்டகமாக, கையால் வரைந்து விலங்கை நிறுத்த வேண்டும். சற்றுத் தப்பினாலும் ரஜினி காற்றைப் பார்த்துச் சிரிப்பார். கம்ப்யூட்டர் கைகொடுக்காத காலம் அது.

கார்ட்டூன் என்றாலே 'குழந்தைச் சமாச்சாரம்' என்ற பேச்சும் தவறு. டாம் அண்ட் ஜெர்ரியின் முதல் படம் 1940இல் தியேட்டருக்காக எடுத்தது. மெயின் படத்துக்கு வந்த பெரியவர்களும் பார்த்துச் சிரித்தார்கள்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால், அந்த ராஜா சின்ன ரோஜா பாட்டைப் போட்டுக் காட்டுங்கள். ரஜினியின் கண் போகும் இடத்தை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள்.