புள்ளி போட்டு அளக்கும் அறம்

பாத்திரமேற்று ஆடும் கணனி விளையாட்டுகள் பல, "தெரிவு உங்களுடையது" என்று பெருமை பேசுகின்றன. உண்மையில் அங்கு தெரிவு செய்வது புள்ளிக் கணக்குத்தான்.

2010 இல் வெளிவந்த 'மாஸ் எஃபெக்ட் 2' ஐ எடுத்துக்கொள்வோம். பண்பாக நடந்தால் நீலப் புள்ளி. முரட்டுத்தனமாக நடந்தால் சிவப்புப் புள்ளி. ஏதாவதொரு பக்கத்தில் போதிய புள்ளி சேராவிட்டால், இக்கட்டான வேளையில் சொல்ல வேண்டிய பதில் திரையில் மங்கிக் கிடக்கும். அதைத் தெரிவு செய்ய இயலாது. ஓரிடத்தில் இரங்கி, மற்றோரிடத்தில் சினந்து, தான் ஏற்ற பாத்திரத்துக்கு உண்மையாக ஆடியவர் தண்டிக்கப்படுகிறார். எதிரே நிற்பவர் யாரென்றே பாராமல் ஒரே நிறத்தை அழுத்திக்கொண்டிருப்பவர் பரிசு பெறுகிறார். இதற்கு அறம் என்று பெயரா?

வெறும் விளையாட்டுத்தானே என்பர் சிலர். அப்படியானால் அறத்தின் பெயரால் விளம்பரம் எதற்கு?

மாற்றுவழி இல்லாமலில்லை. 1985 இலேயே றிச்சர்ட் காரியட் தமது 'அல்ட்டிமா 4' இல், மந்திரப் பொருள் விற்கும் பார்வையற்ற பெண்ணொருவரை வைத்தார். எவ்வளவு காசு கொடுப்பதென்று வாங்குபவரே தீர்மானிக்கலாம். குறைத்துக் கொடுத்தாலும் அவர் அறியமாட்டார். திரையிலும் புள்ளி தோன்றாது. ஆனால் நேர்மைக் கணக்கு உள்ளே குறைந்திருக்கும். 2007 இல் வந்த 'த விச்சர்' இல் தெரிவின் விளைவு மிகப் பிந்தியே வெளிப்படும். சேமித்த இடத்துக்குத் திரும்பிச் சென்று தப்புவது எளிதன்று.

கணக்கு இருக்கட்டும். அதை ஆடுபவரின் கண்முன் காட்டுவதை நிறுத்துங்கள். அதன்பின்னர் அவர் செய்வதே அவரது தெரிவு.