தெருவுக்கு எதற்கு ஜீப்?

1947-இல் மும்பையில் வில்லிஸ் ஜீப் கட்டத் தொடங்கிய மகிந்திராவின் இன்றைய வாரிசு 'தார்'. நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் ரகம் 650 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரிலும் இறங்கும். மலைத்தோட்டத்திற்கும் சேற்று வழிக்கும் அது நல்ல துணை என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால் மாதுங்கா நெரிசலில் அந்தப் பலத்திற்கு வேலை ஏது? 3 கதவு வண்டியில் நால்வர்தான் அமரலாம். பின்னிருக்கையில் ஏற முதியோர் திணறுவர். டீசல், நிறுத்த இடம், மாதத் தவணை வேறு. 2023-இல் வந்த பின்சக்கர விசை ரகம் விலை குறைவு. ஆனால் சேற்றில் அதற்குப் பாதிப் பலமே.

தினமும் சேற்றில் உழைப்பவர் வாங்கட்டும். குமாஸ்தாவின் சேமிப்பு ஊர் வீட்டுக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் உரியது. ஆசை விடாவிட்டால், விடுமுறையில் இரண்டு நாள் வாடகைக்கு எடுத்தால் போதாதா?