பிஆர் வேலைக்கு ஊடகச் சட்டம் கட்டாயம்

“இந்தத் தேயிலையைக் குடித்தால் சர்க்கரை நோய் தீரும்.” விளம்பரத்துக்கு இப்படி ஒரு வரி எழுதுவது எளிது. ஆனால், உணவுப் பொருள் நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 2018-ஆம் ஆண்டின் உணவு விளம்பர விதிமுறைகள் தடுக்கின்றன. உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு அபராதம் ரூ.10 லட்சம் வரை போகலாம். வரியை எழுதிய இளைஞருக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

குன்னூரில் தேயிலை ஏல மையம் இருக்கிறது, தோட்ட உரிமையாளர்கள் சங்கமான உபாசியும் கூட்டுறவுத் தேயிலை இணையமான இன்கோசர்வும் இருக்கின்றன, விடுதிகள் பெருகிவிட்டன. மலைப் பிள்ளைகளுக்கு ஊரிலேயே கிடைக்கக்கூடிய நல்ல வேலைகளில் ஒன்று, மக்கள் தொடர்பு (பிஆர்). அதற்கு வருகிறவர்கள் எல்லோரும் இதழியல் படித்தவர்கள் அல்லர், பி.காம்., ஆங்கில இலக்கியம், சுற்றுலா படித்தவர்களும் வருகிறார்கள். கேமராவும் எடிட்டிங்கும் தாமாகவே கற்றுக்கொள்கிறார்கள். சட்டம் அப்படித் தானாக வந்துவிடாது.

நீலகிரி ஆர்த்தடாக்ஸ் தேயிலைக்குப் புவிசார் குறியீடு உண்டு. மலையில் பெரும்பகுதி உற்பத்தியாவதோ இன்னொரு வகையான சிடிசி தேயிலை. அந்த முத்திரையை எந்தத் தூளின் பாக்கெட்டில் அச்சிடலாம், எதில் கூடாது என்பதை லேபிள் எழுதுகிறவர் தெரிந்துகொள்ள வேண்டும். தோட்டத்து விடுதியில் இலவசமாகத் தங்கிவிட்டு ஒருவர் ரீல்ஸ் போட்டால், அந்த உறவை அவர் பார்வையாளர்களிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்கின்றன 2022-ஆம் ஆண்டின் விளம்பர வழிகாட்டுதல்கள். இதையெல்லாம் ஏற்பாடு செய்வது பிஆர் ஆள்தானே?

நெருக்கடி வரும்போது சட்ட அறிவு இன்னும் அவசியமாகிறது. 2021 டிசம்பர் 8 அன்று குன்னூரை அடுத்த நஞ்சப்பசத்திரம் அருகே விமானப்படை ஹெலிகாப்டர் விழுந்து முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உள்ளிட்டோர் உயிரிழந்தனர். சிரியாவில் ஹெலிகாப்டர் விழுந்த பழைய வீடியோ, குன்னூர் விபத்து என்று பரவியது. சதி என்ற பேச்சும் கிளம்பியது. விமானப்படையோ விசாரணை தொடங்கிவிட்டதைத் தெரிவித்து, இறந்தவர்களின் கண்ணியம் காக்க ஊகங்களைத் தவிர்க்கும்படி கேட்டுக்கொண்டது. அந்த அறிக்கையில் யார் மீதும் பழி இல்லை, முடிவுக்கு முன் தீர்ப்பும் இல்லை. சதியோ இயந்திரக் கோளாறோ காரணமல்ல, திடீரென மாறிய வானிலையில் மேகத்துக்குள் புகுந்ததே காரணம் என்று விசாரணை சொன்னது அடுத்த மாதம்தான். மாணவர்கள் விமானப்படையின் அந்த முதல் அறிக்கையை வகுப்பில் வரிக்கு வரி படிக்க வேண்டும்.

அரசு அலுவலகங்களின் செய்தித் தொடர்பாளர்களுக்கும் ஒரு பாடம் இருக்கிறது. மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை ‘நக்கீரன்’ இதழ் வெளியிடக் கூடாது என்று சிறைத்துறை எழுதிய கடிதத்துக்குச் சட்டத்தில் இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் 1994-இல் கூறியது. தங்களைப் பற்றி அவதூறு வரும் என்ற அச்சத்தில் அதிகாரிகள் வெளியீட்டை முன்கூட்டியே தடுக்க முடியாது. வந்த பிறகு வழக்குத் தொடுக்கலாம். இன்றும் ஆசிரியரைத் தொலைபேசியில் அழைத்து “அதைப் போடாதீர்கள்” என்று அதிகாரக் குரலில் சொல்பவர்கள் இந்தத் தீர்ப்பைப் படிக்கட்டும்.

பாரதியார் பல்கலைக்கழகமும் நீலகிரிக் கல்லூரிகளும் வரும் கல்வியாண்டிலேயே, எந்தத் துறை மாணவரும் எடுக்கக்கூடிய ஊடகச் சட்டத் தாள் ஒன்றைத் தொடங்க வேண்டும். அவதூறு, பதிப்புரிமை, தனியுரிமை, விளம்பர விதிகள் ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும். குன்னூர் நீதிமன்ற வழக்கறிஞர்களைப் பாடம் எடுக்க அழைக்கலாம். தேயிலை நிறுவனங்களும் விடுதிகளும் பிஆர் வேலைக்கு ஆள் எடுக்கும்போது இந்தத் தாளைத் தகுதியாகக் கேட்க வேண்டும். அந்தத் தகுதிக்கு உரிய சம்பளத்தையும் தர வேண்டும்.